தட்டிக் கேட்கப் பத்து ரூபாய்: டெல்லி பல்கலைக்கழகங்களில் ஆர்டிஐ ஆன்லைன்

துணைவேந்தர் அலுவலக வாசலில் கேட்கத் தயங்கும் கேள்வியை மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஆன்லைன் தளத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். தலைநகரில் படிக்கிற, பாடம் நடத்துகிற தமிழர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். டெல்லி பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜேஎன்யு), ஜாமியா மில்லியா மூன்றும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், அதனால் இங்கேயே மனுப் போடலாம். அம்பேத்கர் பல்கலைக்கழகம் டெல்லி அரசுடையது. அதற்கான மனுவை இங்கே போட்டால் மனு திரும்பி வரும், பணம் வராது.

படிவம் எளிது, மனுவை அடிக்கும் பெட்டிதான் படுத்துகிறது. 3000 எழுத்துதான் கொள்ளும், தமிழ் ஏறாது. வேர்டில் அடித்து ஒட்டினால் மேற்கோள் குறியை ஏற்காமல் மாட்டிக்கொள்ளும். நீளமான மனுவை 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக்கி இணைக்கலாம், ஆனால் கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வியில்தான். "விடுதி மெஸ் ஒப்பந்தத்தை ஏன் அவருக்கே கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் சொல்வது தகவலாகாது என்று தட்டிவிடுவார்கள். "மெஸ் டெண்டரின் ஒப்பீட்டு அட்டவணை, அதன் கோப்புக் குறிப்புகள், ஒப்புதல் ஆணை ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள். யார் என்ன எழுதினார், யார் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருக்கும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய்.

மாணவர் பேரவை, ஆசிரியர் சங்கம் என்ற பெயரில் போடாதீர்கள். இந்த உரிமை குடிமக்களுக்கானது என்று திருப்பி அனுப்ப அதுவே சாக்காகிவிடும். தனி ஆளின் பெயர்தான் வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் பின்வாங்குவது இந்த இடத்தில்தான், அந்தப் பயம் நியாயமானது. பெயரை மறைக்கத் தளத்தில் வழியில்லை. ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்கிறது ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 6(2). விஷயத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று பேர் ஒரே வாரத்தில் தனித்தனியாகக் கேட்டால் ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினம். அதில் ஒருவர் நிரந்தரப் பேராசிரியராக இருக்கட்டும். மாணவருக்கு அதுவே பெரிய பலம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே பதிவு எண்ணில் முதல் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. அதிலும் நீதி கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம். அங்கே விசாரணைக்கு வர நாளாகும். அதனால் படிப்பு முடித்துப் போகும் மாணவர் விடுதி முகவரியைக் கொடுக்காமல் ஊர் முகவரியைக் கொடுப்பது நல்லது.