இந்திராநகரில் சுருள்முடிக்கென்றே ஒரு சலூன்

பெங்களூருவில் நீண்ட சுருள்முடி வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொல்லை போர்வெல் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் படிந்து, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் முடி தேங்காய் நாரைப்போல் வறண்டுவிடுகிறது. இந்திராநகரிலுள்ள இந்தச் சிறிய சலூனில், கத்தரியைத் தொடுமுன் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்கள். நனைந்த சுருள் காய்ந்ததும் மேலேறிவிடும் என்பதால், உலர்ந்த நிலையிலேயே சுருள் சுருளாகப் பிரித்து, பிளவுபட்ட நுனியை மட்டும் வெட்டினார்கள். நீளம் குறைந்ததே தெரியவில்லை. பிறகு உப்புப் படிவை நீக்கும் ஷாம்பூவால் அலசி, கண்டிஷனர் வழுக்கும்போதே நுனியிலிருந்து மேல்நோக்கி விரல்களால் சிக்கெடுத்த அந்தப் பொறுமை, உச்சியிலிருந்தே சீப்பை இழுக்கும் கடைகளில் நான் கண்டிராதது. முரட்டுத் துண்டால் துவட்டாமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தார்கள்.

கட்டணம் சாதாரண சலூனைவிட அதிகம். வார இறுதியில் காத்திருக்கவும் வேண்டும். ஆயினும், முடியை நேராக்கிக்கொள்ளும்படி ஒருவர்கூட வற்புறுத்தாதது எனக்குப் பெரிய நிறைவு. தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் இருப்பதால் சீயக்காயைப் பற்றியும் கேட்க முடிந்தது: அதைக் கைவிட வேண்டியதில்லை, திப்பி சுருளுக்குள் சிக்காதபடி துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் தேய்க்கலாம் என்றார்.