எம்.ஆர்.ஐ.யா, பெட் ஸ்கேனா? அல்சூர் அத்தையும் மூன்று படங்களும்

பால்கனியில் இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள், அவர்களுக்கும் சாதம் போடு என்று ஒருநாள் மாலை அத்தை சொன்னார். அங்கே யாரும் இல்லை. மறதி நோயோ (டிமென்ஷியா) என்று பயந்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று அறிக்கை வந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். வயதானால் யாருக்கும் கொஞ்சம் சுருங்கும். அதனால் 75 வயதுக்குள் 2 வந்தாலே சந்தேகம். அதற்கு மேற்பட்ட வயதில் 3 வந்தால்தான் சந்தேகம். சிறு பக்கவாதங்களின் தழும்புகள், மண்டைக்குள் ரத்தக்கட்டு, மூளையில் நீர் தேங்குதல் ஆகியவையும் தெரியும். கடைசி இரண்டுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதற்காகவே முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பேன்.

எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் காட்டுவது மூளையின் வேலையை. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை (அதுதான் எஃப்.டி.ஜி.) ஊசியில் ஏற்றி, மங்கிய அறையில் அத்தையைப் பேசாமல் படுக்கச் சொன்னார்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். சுறுசுறுப்பான பகுதி சர்க்கரையை இழுக்கும், நோயுற்ற பகுதி மங்கும். அல்சைமரில் பொட்டுப் பக்கமும் பின்மேல் பகுதியும், நடத்தையை மாற்றும் ஃப்ரன்டோடெம்போரல் என்ற மறதி நோய் வகையில் நெற்றிப் பக்கமும், இல்லாததைக் காணவைக்கும் லூயி பாடி வகையில் பார்வைக்குரிய பிடரிப் பக்கமும். அத்தைக்கு மங்கியிருந்தது பிடரிப் பக்கம். இந்த வகையில் ஹிப்போகேம்பஸ் பெரும்பாலும் தப்பிவிடும், எம்.ஆர்.ஐ. சாதுவாகத் தெரிந்ததும் அதனால்தான்.

மூன்றாவது படம் அமிலாய்டு பெட். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் இது, 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படிவு இல்லையென்றால் அல்சைமர் அநேகமாக இல்லை. ஆனால் நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்கள் பலருக்கும் படிவு உண்டு. இயல்பான மூப்பைப் பிரித்தறிய இது ஒன்றை மட்டும் நம்ப முடியாது. லெகனெமாப் போன்ற புது அல்சைமர் மருந்து தொடங்கும்முன் படிவை உறுதிசெய்ய உதவும். வெறும் பயத்துக்காக யாரும் எடுக்க வேண்டாம்.

"வயதுக்கேற்ற" என்பது யாருடைய வயது என்ற கேள்வியும் இருக்கிறது. நம் மக்களின் மூளை எப்படி மூப்படைகிறது என்று இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டச் சீனிவாசபுரத்தில் கிராமத்தவரைத் தொடர்ந்து ஆராய்கிறது. அந்த அளவுகோல் நமக்கு மிகவும் தேவை.

பெட் ஸ்கேனுக்குச் செலவழித்தது வீணா என்று மாமா கேட்டார். இல்லை. மாயக் காட்சிகளை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தை லூயி பாடி நோயாளிக்குக் கொடுத்தால் உடல் இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகள் இன்னும் பால்கனிக்கு வருகிறார்கள். அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அத்தையின் மருந்துப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறோம்.