கேப்சூல் படங்களுக்கு ஃபைஸ், புளூ மோட்: எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

பில்கேம் என்பது விழுங்கும் மாத்திரை வடிவக் கேமரா; சிறுகுடலைப் படம் எடுக்கும். அதன் காணொளியைப் படிக்கும் ரேப்பிட் மென்பொருளில் ஃபைஸ் 1, 2, 3, புளூ மோட் என நான்கு நிற வடிப்பான்கள் உண்டு. புண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க இவற்றை நம்பக்கூடாது. கண்ணில் பட்ட ஒன்றை உறுதிசெய்யத்தான் இவை லாயக்கு.

காரணம் எளிது. கேப்சூல் எடுப்பது வெள்ளை ஒளிப் படம் மட்டுமே. ஃபைஸ் என்பது ஃபுஜிஃபிலிம் உருவாக்கிய நிறக்கணக்கு. எடுத்த படத்தின் நிறங்களைக் கணினியில் மாற்றிப் போடுகிறது, அவ்வளவே. குடல் மடிப்புக்குப் பின்னால் மறைந்ததையோ நுரை மூடியதையோ அது வெளியே கொண்டுவராது.

நான்கில் ஃபைஸ் 1 தான் கையில் எடுக்க வேண்டியது. படத்தின் சிவப்புக்கு 595, பச்சைக்கு 540, நீலத்துக்கு 535 நானோமீட்டர் அலைநீளத்தை எடுத்துக்கொள்கிறது. பின்னிரண்டும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை நன்றாக உறிஞ்சும் இடம். 595-இல் உறிஞ்சல் குறைவு. அதனால் சுற்றியுள்ள சளிச்சவ்வு வெளிற, ஆஞ்சியோஎக்டேசியாவின் (குடல் சுவரில் விரிந்துபோன நுண் இரத்தக் குழாய்களின்) கிளைத்த குழல்கள் சிவந்து எடுப்பாகத் தெரியும். சளிச்சவ்வு ஆழமில்லாமல் அரித்துப்போன இடத்தின் விளிம்புக்கு ஃபைஸ் 2-ஐயும் ஒருமுறை பார்க்கலாம். ஃபைஸ் 3-இல் அந்த அளவு பயன் கிடைப்பதில்லை. புளூ மோட் குறுகிய அலைநீளப் பகுதியைத் தூக்கிக் காட்டும். படம் அதிகம் விகாரப்படாது, கண்ணும் சோராது.

படிக்கும் முறை இதுதான்: முழுக் காணொளியும் வெள்ளை ஒளியில், நொடிக்குப் 10 படத்துக்கு மேல் போகாமல். சந்தேகப்பட்ட இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் சில படங்களைப் பாருங்கள். சந்தேகப்பட்டது அதே மடிப்பில் ஒட்டி நின்றால் புண்ணாக இருக்கலாம். நகர்ந்தால் உணவுத் துணுக்கு. பிறகுதான் ஃபைஸ் 1. மறுபடி வெள்ளைக்குத் திரும்பாமல் அறிக்கையில் எதையும் எழுத வேண்டாம்.

மோசமான எதிரி பித்தம். மஞ்சள்-பச்சை நீர் தேங்கிய இடத்தில் வடிப்பானைப் போட்டால் நிறம் குழம்பி, இரத்தம் போலத் தோன்றலாம். அதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, முன்தயாரிப்பில் இருக்கிறது: குடலைக் கழுவ 2 லிட்டர் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல், நுரையை அடக்க சிமெத்திகோன் மருந்து.

இன்னொரு பொறி: வெறும் செம்புள்ளி ஃபைஸில் பளிச்சென்று தெரிவதால் அதை பி1-இலிருந்து (இரத்தக்கசிவுக்குக் காரணமா என்பது உறுதியில்லாதது) பி2-க்கு (காரணமாக இருக்க வாய்ப்பு அதிகமுள்ளது) உயர்த்திவிடுவது. சௌரின் (Saurin) வகைப்பாட்டின் இந்தத் தரம் வெள்ளை ஒளிப் படத்தை வைத்தே முடிவாகட்டும். வடிகட்டிய படத்தை அதன் பக்கத்தில் சேமித்து வையுங்கள், அடுத்து என்டரோஸ்கோபி (குழாய்க் கேமராவால் சிறுகுடலைப் பார்க்கும் சோதனை) செய்பவருக்கு உதவும்.