அடிபட்ட விலங்கைத் தேடித்தரும் மோப்பநாய்ச் சேவை: ஒரு மதிப்பீடு

சுட்ட விலங்கு காயத்தோடு ஓடிவிட்டால், அதைத் தேடுவதும் தேடாமல் விடுவதும் சுட்டவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று எந்த நல்ல வேட்டைக்காரரும் சொல்லமாட்டார். ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் அடிபட்ட விலங்கின் வேதனையை நீளவிடாமல் தடுப்பதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. இந்தத் தேடலுக்கென்றே பழக்கிய நாயோடு வரும் ஒரு சேவையை எங்கள் குழு இரண்டு தருணங்களில் அழைத்தது. தயங்காமல் அழைக்கத் தகுந்த சேவை என்பதே என் கருத்து, குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

சேவையின் தரம் நாய் வருவதற்கு முன்பே, தொலைபேசியிலேயே தெரிந்துவிட்டது. மான் எந்தப் பக்கம் திரும்பி நின்றது, குண்டு பட்டதும் துள்ளியதா கூனிக்கொண்டு நடந்ததா, தரையில் கிடக்கும் இரத்தம் என்ன நிறம் என்று நாயை நடத்திவரும் தடம் பார்ப்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரலாகவோ தசையாகவோ இருக்கலாம், பச்சை கலந்து நாறினால் இரைப்பையோ குடலோ கிழிந்திருக்கிறது. எங்கள் நண்பர் சுட்ட மான் மூன்றாவது வகை. குண்டு பட்ட இடத்தில் ஓர் அடையாளம் கட்டிவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள், விடிந்ததும் வருகிறேன் என்று அவர் சொன்னபோது, உயிர் துடிக்கும் விலங்கை இரவு முழுவதும் அப்படியே விடுவதா என்று குழுவில் சிலர் கொதித்தார்கள். ஆனால் வயிற்றில் அடிபட்ட மான் பெரும்பாலும் அருகிலேயே படுத்துவிடும். அவசரப்பட்டுத் துரத்தினால் எழுந்து வெகுதூரம் ஓடி, இரத்தம் அதிகம் சிந்தாமலே காட்டுக்குள் மறைந்துவிடும். அவரது பிடிவாதமே சரி.

நாய் பவேரிய மலை இனம். பத்து மீட்டர் நீள வாரில் தலையைத் தாழ்த்தியபடி நிதானமாக நடந்தது. அது இரத்தத்தை மட்டும் நம்புவதில்லை. குளம்புகளின் பிளவில் உள்ள சுரப்பிகள் விட்டுச்செல்லும், அந்த ஒரு மானுக்கே உரிய வாடையையும் பின்பற்றுகிறது. ஓரிடத்தில் நாய் நின்றபோது அவர் குனிந்து ஒரு புல்லிதழைத் திருப்பிக் காட்டினார். அடிப்புறத்தில் குண்டூசித் தலையளவு கறை இருந்தது. முந்தைய மாலையில் சிலர் பொறுமையின்றிக் காலால் உழப்பியிருந்த இடத்தில்தான் நாய் திணறி, வட்டமடித்து, பிறகு தடத்தைப் பிடித்தது. புதருக்குள் மான் உயிரோடு படுத்திருந்தது. நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுட்டவரை மட்டும் முன்னே அழைத்து, மானுக்குப் பின்னால் குண்டு போகும் திசை பாதுகாப்பானதா என்று பார்த்த பிறகே அவர் சுடச் சொன்னார்.

இரண்டாம் முறை விலங்கு கிடைக்கவில்லை. என் மதிப்பு கூடியது அன்றுதான். தொடக்கத்தில் ஏராளமாகக் கொட்டிய இரத்தம் விரைவில் வற்றியிருந்தது, படுத்து எழுந்த இடம் எங்கும் இல்லை, ஓட்டத்தின் வேகமும் குறையவில்லை. தசைக் காயம்தான், பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று காரணங்களோடு விளக்கிய பிறகே அவர் தேடலை நிறுத்தினார். வெப்பப் படக் கருவி இருந்தால் நாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அக்கருவி மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். அடர்ந்த இலைகளுக்குப் பின்னாலும், உடல் குளிர்ந்த பிறகும் அதனால் பெரிய பயன் இல்லை.

குறை முதலில் விளம்பரத்தில் இருக்கிறது. சுட்டது எதுவும் தவறிப்போகாது என்ற தொனி, நாய் இருக்கிறதே என்று எட்டாத தூரத்திலிருந்து சுடும் துணிச்சலைத்தான் வளர்க்கும். தடம் பார்ப்பவரே அதை ரசிக்கவில்லை என்பது அவர் பேச்சில் தெரிந்தது. உடன் வருபவர்கள் எங்கே நிற்க வேண்டும், துப்பாக்கியை எப்போது நிரப்ப வேண்டும் என்பதைப் பாதி வழியில் சொல்லாமல் புறப்படும் முன்பே சொல்லியிருக்கலாம். மாற்று நாய் இல்லாததால், ஒரே காலையில் இரு அழைப்புகள் வந்தால் ஒருவர் காத்திருக்க நேரும். அப்படிப்பட்ட நாட்களில் வேறொரு தடம் பார்ப்பவரைக் கைகாட்டிவிடுவது நல்லது.