பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்கு எந்தப் பெல்லட்? மூன்று மாதம் சோதித்துப் பார்த்ததன் முடிவுகள்

திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய பயிற்சிக் கூடத்தில் என் மகள் இரண்டு ஆண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பயின்று வருகிறாள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய புள்ளிகள் திடீரென்று இறங்கின. பிடி சரியாக இருக்கிறது, மூச்சு சரியாக நிற்கிறது, குறி கறுப்பு வட்டத்தின் நடுவே அசையாமல் இருக்கும்போதுதான் விசையை அழுத்துகிறாள். ஆனாலும் திரையில் 9.6 என்று வருகிறது. பயிற்சியாளர் அவளுடைய விசை விரலைத் திருத்த முயன்றார். ஆறு வாரம் அந்தத் திருத்தம் நடந்தது. "கையில்தான் ஏதோ தப்பு இருக்கிறதுப்பா" என்று அவள் ஒரு நாள் இரவு என்னிடம் சொன்னபோதுதான், நான் விலை மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி வைத்திருந்த பெல்லட் (ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டு) டின்களை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. குறை அவள் கையில் இருக்கவில்லை, அந்த டின்களில் இருந்தது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்று, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவன் நான். இதை முன்பே அளந்து பார்க்காததற்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

வெடிமருந்து ரைபிளுக்குத் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் உள்ள நாடுகளில், பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, பித்தளை உறை, குண்டு என்ற நான்கையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துத் தங்கள் துப்பாக்கிக்கு இசைவான சேர்க்கையைத் தேடுவார்கள். ஏர் ரைபிளில் முதல் மூன்றும் இல்லை. காற்றின் அழுத்தத்தைத் தயாரிப்பாளரே அமைத்துத் தருகிறார். அதில் நாம் கை வைப்பதில்லை. ஆகவே சுடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பொருள் அரை கிராம் எடையுள்ள அந்த ஈயத் துண்டு ஒன்றுதான், தேடல் முழுவதும் அதன் மேல்தான் வந்து நிற்கிறது.

போட்டியின் கணக்கைச் சற்று விளக்கினால் இந்தத் தேடலின் அவசியம் புரியும். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 0.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பொட்டு. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டால் 10.0, பெல்லட்டின் நடுப்புள்ளி அட்டையின் நடுப்புள்ளியோடு ஏறக்குறைய ஒன்றினால் 10.9. இடையில் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறைகிறது. அறுபது சுடுகளுக்கு உச்ச எண் 654.0 என்பதால், சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் பன்னிரண்டு புள்ளிகள் போய்விடும்.

முதலில் எடை பார்த்தேன். சவுகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் சிறிய மின்தராசு மில்லிகிராம் வரை காட்டும். அது ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வகையிலும் ஐம்பது பெல்லட்டுகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தேன். என் பழைய உள்நாட்டு டின்னில் எடை 0.49 கிராமிலிருந்து 0.54 கிராம் வரை இருந்தது. ஆர்டபிள்யூஎஸ் ஆர் 10 மேட்ச், ஹெச் அண்ட் என் ஃபைனாலே மேட்ச் என்ற இரண்டு ஜெர்மானியப் பெல்லட்டுகளும் 0.53 கிராமை ஒட்டியே நின்றன. மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் இடையே ஐந்து மில்லிகிராம்தான் வேறுபாடு. நொடிக்கு 170 மீட்டர் அளவில் பறக்கும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. எடை பத்து விழுக்காடு மாறினால் வேகம் ஐந்து விழுக்காடு மாறும், இறக்கம் 1.7 மில்லிமீட்டர் மாறும். கை சிறிதும் அசையாமலிருந்தாலும் மேலும் கீழுமாக 0.7 புள்ளி அளவுக்குச் சிதறும் என்பதே இதன் பொருள். ஆறு வாரம் என் மகள் தன் விரலில் தேடிக்கொண்டிருந்த குறையின் பெரும்பகுதி இங்கேயே இருந்தது.

அடுத்தது தலையளவு. தட்டையான தலை, ஒடுங்கிய இடை, விரிந்த உள்ளீடற்ற பின்விளிம்பு என்ற மூன்று பகுதிகள் கொண்டது இந்தப் பெல்லட். பின்னிருந்து வரும் காற்று மெல்லிய பின்விளிம்பை விரித்துக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுழல்வரிகளோடு இறுக்குகிறது. தலையோ வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு நேராகச் செல்ல வேண்டும். தலை சற்றுச் சிறிதானால் ஆடும், சற்றுப் பெரிதானால் உராய்ந்து நசுங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் பிரித்து, டின்னில் அந்த எண்ணை ஒட்டி விற்கிறார்கள். பெயரைச் சொல்லி வாங்கிவிட்டு இந்த எண்ணைப் பார்க்காமல் வருவது, செருப்புக் கடையில் அளவு சொல்லாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

சுட்டுப் பார்க்கத் துப்பாக்கியை மரக்கட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையே வைஸில் (பட்டறை இறுக்கியில்) பிடித்தேன். குழலை நெருக்கினால் முடிவு கெட்டுவிடும் என்பதால் அதைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். வகை மாற்றும்போதெல்லாம் முதல் பதினைந்து சுடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முந்தைய பெல்லட் குழலில் விட்டுச் சென்ற ஈயப் படிவு மாறி அமைய அவ்வளவு தேவைப்படுகிறது. பிறகு பத்துப் பத்தாக மூன்று முறை சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்தேன். ஐந்து சுடுகளில் முடிவெடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஐந்தில் நன்றாகத் தெரிந்த ஒரு வகை இருபதாவது சுடுவில் தன் குணத்தைக் காட்டியதை நான் கண்டேன்.

எங்கள் துப்பாக்கியில் ஃபைனாலே மேட்ச் 4.50 சராசரியாக 5.6 மில்லிமீட்டரில் அடங்கியது. ஒற்றைத் துளையே 4.5 என்பதால், பத்துப் பெல்லட்டுகளின் நடுப்புள்ளிகளும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வட்டத்துக்குள் விழுந்தன என்று கொள்ளலாம். ஆர் 10 மேட்ச் 4.50 தந்தது 5.7, இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதாக இந்த அளவு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. அதே ஃபைனாலே 4.49 தலையளவில் 6.4, 4.51-இல் 7.0. பயிற்சிக்கென்று வரும் ஆர்டபிள்யூஎஸ் மைஸ்டர்குகெல்ன் 6.6-இல் நின்றது, அதன் விலைக்கு அது மிக நல்ல முடிவு. என் பழைய டின் 8.8 மில்லிமீட்டர். ஆனால் அதே கூடத்தில் பயிலும் மற்றொரு பிள்ளையின் துப்பாக்கியை அதே வைஸில் வைத்துச் சுட்டபோது 4.49 முதலிடத்துக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் துப்பாக்கிகள். ஆகவே என் எண்களைப் பார்த்து 4.50 வாங்கிவிடாதீர்கள், மூன்று அளவிலும் ஒவ்வொரு டின் வாங்கி, நான்கைந்து பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு துப்பாக்கியிலும் சுட்டுப் பாருங்கள்.

விலையைப் பற்றி ஒரு கருத்து. 500 பெல்லட் உள்ள இறக்குமதி டின்னுக்கு உள்நாட்டு டின்னைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன். ஒரு நாளைக்கு நூறு சுடும் பிள்ளைக்கு ஒரு டின் ஐந்து நாளில் தீர்ந்துவிடும் என்பதால், வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் இருந்து வரும் குடும்பங்களுக்கு இது சிறிய தொகை இல்லை என்பதை அறிவேன். நின்று பழகும் முதல் ஆறு மாதத்தில் மலிவானது போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. குறி தவறும்போது காரணம் தன்னிடம் இருக்கிறதா பெல்லட்டில் இருக்கிறதா என்று பிரித்தறியும் அனுபவம் தொடக்க நிலைப் பிள்ளைக்கு இருக்காது. தேர்ந்தவர் சந்தேகப்படுவார், பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். பணம் குறைவாக இருந்தால் சுடும் எண்ணிக்கையைக் குறைத்து, பெல்லட் இல்லாமல் குறி பார்த்து விசை அழுத்தும் பயிற்சியைக் கூட்டலாம். பயிற்சித் தரத்தில் மைஸ்டர்குகெல்ன் போன்ற ஒன்றை வாங்கலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

கடையைப் பொறுத்தவரை, பாரிமுனைப் பக்கத்தில் நான் முதலில் வாங்கிய கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே லாட் எண்ணை (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்கு டின்னில் இடும் எண்ணை) பார்த்து எடுக்க அனுமதிக்கவில்லை. வீட்டில் பிரித்தபோது ஒரு டின்னில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அது ஈயம் ஈரக்காற்றோடு சேர்ந்து உண்டாகும் படிவு. எண்ணூரிலிருந்து இராயபுரம் வரை கடலோரத்தில் வசிக்கும் நமக்கு இந்தத் தொல்லை கூடுதல். அப்படிப்பட்ட டின்னைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது: பெல்லட்டின் அளவு கெட்டிருக்கும் என்பதோடு, அந்தத் தூள் மூச்சில் போனால் பிள்ளைகளின் உடலுக்குக் கெடுதல். நாங்கள் இப்போது டின்னின் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறோம். பேருந்தில் கொண்டு செல்லும்போது டின்னுக்குள் இருக்கும் பஞ்சுத் தகட்டை எடுத்துவிடக் கூடாது. குலுங்கினால் மெல்லிய பின்விளிம்பு நசுங்கிவிடும். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது, அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

இரண்டாவதாகப் போன கடையில் மேசை மேல் டின்களைப் பரப்பி வைத்து, எண் எண்ணாகப் பார்க்கவிட்டார்கள். ஒரே தயாரிப்பில் ஒரே தலையளவிலும் லாட் மாறினால் முடிவு சற்று மாறுகிறது என்பதால், சோதனையில் தேறிய லாட்டிலேயே எட்டு டின்களை மொத்தமாக எடுத்தேன். இரண்டை உடைக்காமல் மாவட்டப் போட்டிக்கென்று வைத்திருக்கிறோம். அவற்றின் மூடியில் என் மகள் தேதியையும் 4.50 என்ற எண்ணையும் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.