ஏசி அறைக்குள் மட்டும் ஒழுங்காக ஓடிய கேமரா

தம்பி மகன் போன வாரம் போன் செய்து, "அத்தை, பழைய சிசிடி கேமரா ஒன்று 5,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்டான். சிசிடி என்பது அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராக்களில் ஒளியைப் படமாக்கும் சென்சார் சில்லு. படம் அனுப்பினான். நான் 2004-இல் வாங்கிய அதே மாடல், அதே 4 மெகாபிக்சல். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. 2005 கோடையில், தூத்துக்குடியில் அக்கா வீட்டு விசேஷத்தன்று உச்சிவேளையில் திரை முழுக்க ஊதாக் கோடு, ஆட்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நெளிகிறார்கள். முந்தின நாள் எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தால் சுத்தமாக இருக்கின்றன, அதனால் திரையில் கோளாறு இல்லை. சாயங்காலம் கடல்காற்று வந்ததும் தானாகவே சரியாகிவிட்டது.

மதுரை சர்வீஸ் சென்டருக்கு மூன்று மணி நேரம் பஸ். அந்த ஏசி அறையில் கவுன்ட்டரில் வைத்து ஆன் செய்தால் படம் பளிச்சென்று வருகிறது! "ஒன்றும் இல்லையே மேடம்" என்று பழுது இல்லை எனச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் வந்து இறங்கினால் மறுபடி ஊதா. இரண்டாவது தடவை லென்ஸ் கேபிளை மாற்றினோம் என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள், பத்தே நாளில் பழைய கதை.

அந்த அக்டோபரில்தான் பல கேமரா நிறுவனங்கள் அடுத்தடுத்து அறிவிப்பு விட்டன. ஒரே நிறுவனம் தயாரித்த சிசிடி சென்சார்கள், உள்ளே இருக்கும் முடி போன்ற கம்பி இணைப்புகள் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் விட்டுப்போகின்றன, வாரன்டி முடிந்திருந்தாலும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. வெப்பமும் ஈரப்பதமும்! எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது? ஏசி அறையில் வைத்துச் சோதித்தால் எப்படித் தெரியும்?

மூன்றாவது தடவை நெளிந்த படங்களை மெமரி கார்டிலேயே வைத்துக் கொண்டுபோய் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கோடு விழுந்ததில்லை, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் அந்த 1,800? "அது வேற வேலைங்க" என்றார்கள். இன்னும் வயிறு எரிகிறது.

படம் எப்படி என்று கேட்டால், அந்தி வெளிச்சத்தில் அம்மாவின் அரக்குப் புடவை அரக்காகவே வருகிறது. என் போன் அதைச் சிவப்பாக்கி, முகத்தையும் வெள்ளையடித்துவிடுகிறது. இந்த நிறத்துக்காகவே இன்றும் விசேஷத்துக்கெல்லாம் இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

இருந்தாலும் அவனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். சென்சார் மாற்றியதா இல்லையா என்று விற்கிறவருக்கே தெரியவில்லை, இனி கெட்டால் இலவசமாக மாற்றித் தரவும் ஆள் இல்லை. வாங்கியே தீருவேன் என்றால் கடைக்குள் பார்க்காதே, வெளியே வெயிலில் அரை மணி நேரம் வைத்திருந்து நாலு படம் எடுத்துப் பார். திரை கறுத்தோ ஊதாவாகவோ போய், பழைய படங்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தால் சென்சார் போய்விட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டு வா.

அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுங்கள் அத்தை என்றான். பொங்கலுக்கு வந்தால் நாள் முழுக்க வைத்து எடுத்துக்கொள், ஊருக்குக் கொண்டுபோக மட்டும் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன்.