8 ஜிபி லேப்டாப்புக்கு இசட்ராமா, இசட்ஸ்வாப்பா?

பிரவுசரில் நாற்பது டேப், பக்கத்தில் ஒரு கோட் எடிட்டர், பின்னணியில் இரண்டு டாக்கர் கன்டெய்னர். 8 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் லேப்டாப் திணற இவ்வளவு போதும். யாரிடம் கேட்டாலும் "இசட்ராம் போடு" என்பார்கள். அதே கர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், இசட்ஸ்வாப் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இரண்டும் தரவைச் சுருக்கி ராமிலேயே வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் வசதிகள். இரண்டுமே இலவசம், தனியாக எதையும் வாங்கி நிறுவ வேண்டியதில்லை. இசட்ஸ்வாப் 2013-ல் கர்னல் 3.11-ல் சேர்ந்தது. இசட்ராம் சோதனைப் பகுதியிலிருந்து வெளியே வந்தது 2014-ல், 3.14-ல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எஸ்எஸ்டியில் ஸ்வாப்புக்கு (ராமில் இடமில்லாதபோது தரவைத் தள்ளி வைக்கும் பகுதி) இடம் ஒதுக்க முடிந்தால் இசட்ஸ்வாப். முடியாதென்றால் இசட்ராம். இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டாம்.

காரணம் வேகக் கணக்கில் இருக்கிறது. ராமில் இருக்கும் தரவைத் தொட ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகும். ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்த ஒரு பேஜை (கர்னல் மெமரியைக் கையாளும் 4 கேபி துண்டு) விரிக்க, எல்இசட்4 என்ற சுருக்க அல்காரிதம் என்றால் ஓரிரு மைக்ரோவினாடி, இன்னும் இறுக்கிச் சுருக்கும் இசட்எஸ்டிடி என்றால் அதைப் போலச் சில மடங்கு. என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து ஒரு பேஜை எடுக்க 80 முதல் 100 மைக்ரோவினாடி. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மில்லிவினாடிக் கணக்கு. மெஷினுக்கு மெஷின் எண்கள் மாறும், ஆனால் படிகளின் வரிசை மாறாது. ஆக மெமரி மூன்று அடுக்கு: சுருக்காத ராம், சுருக்கிய ராம், டிஸ்க். அடிக்கடி தொடும் பேஜ் மேலே இருக்க வேண்டும், தொடாதது கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். இந்த இறக்கத்தை யார் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இசட்ராம் ஒரு போலி டிஸ்க். ராமிலேயே ஒரு பிளாக் டிவைஸை உருவாக்கி, அதில் எழுதுவதையெல்லாம் சுருக்கி வைக்கிறது. அதை ஸ்வாப்பாக மாற்றிவிட்டால், கர்னல் அதைச் சாதாரண டிஸ்க் என்றே நம்பும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் 33-ஆம் பதிப்பு முதல், அதாவது 2020 முதல், இதுவே அங்கு இயல்புநிலை. 34-லிருந்து அளவு ராம் எவ்வளவோ அவ்வளவு, உச்சம் 8 ஜிபி. ஆண்ட்ராய்டு போன்களும் குரோம்புக்குகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

கர்னல் அதை டிஸ்க் என்று நம்புவதில்தான் சிக்கலும். இசட்ராமுக்குள் போன பேஜ், யாராவது திரும்பக் கேட்கும்வரை, அல்லது அந்த புரோகிராம் மூடப்படும்வரை, அங்கேயே கிடக்கும். வீட்டுப் பரண் மாதிரிதான்: முதலில் ஏற்றிய பழைய சாமான் இடத்தை அடைத்துக்கொள்ள, நேற்று வரை புழங்கிய பாத்திரத்துக்கு இடமில்லாமல் போகும். இசட்ராமுக்கு முன்னுரிமை 100, அதன் கீழே எஸ்எஸ்டி ஸ்வாப் என்று பலர் அடுக்குகிறார்கள். பார்க்க ஒழுங்கான இரண்டு அடுக்கு போலவே தெரியும். நடப்பது தலைகீழ். காலையில் திறந்து மறந்துபோன டேப்பின் பேஜ்கள் முதலில் வெளியேறுவதால் வேகமான இசட்ராமில் போய் உட்காரும். இசட்ராம் நிறைந்த பிறகு, மதியம் நீங்கள் உண்மையில் வேலை பார்க்கும் எடிட்டரின் பேஜ்கள் வெளியேற நேர்ந்தால், அவை நேரே எஸ்எஸ்டிக்குப் போகும். குளிர்ந்தது மேலே, சூடானது கீழே. காலையில் பறந்த மெஷின் மதியம் தவழுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இதற்கு மாற்றாக, பழைய பேஜ்களை டிஸ்குக்கு எழுதும் ரைட்பேக் வசதி இசட்ராமுக்கு உண்டு. பேக்கிங் டிவைஸாக (பின்னால் நிற்கும் டிஸ்க் இடமாக) ஒரு பார்ட்டிஷனைக் கொடுத்து, பழைய பேஜ்களை 'ஐடில்' என்று குறித்து, பிறகு எழுதச் சொல்லலாம். ஆனால் எப்போது குறிப்பது, எப்போது எழுதுவது என்பதை நீங்களோ உங்கள் ஸ்கிரிப்டோ சொல்ல வேண்டும், தானாக நடக்காது. பேக்கிங் டிவைஸை டிஸ்க் அளவு நிர்ணயிப்பதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். போன் தயாரிப்பாளருக்கு இது சரி. வீட்டு லேப்டாப்பில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஸ்கிரிப்ட் எழுதி இதைப் பராமரிப்பது வீண் வேலை.

இசட்ராமே போதும் என்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. டிஸ்க் அளவு என்று கொடுப்பது சுருக்குவதற்கு முந்தைய அளவு. 8 ஜிபி கொடுத்து அது முழுக்க நிறைந்தால், மூன்றுக்கு ஒன்று சுருங்கும் தரவுக்கு 2.7 ஜிபி ராம் போகும். இரண்டுக்கு ஒன்று மட்டுமே சுருங்கினால் 4 ஜிபி, அதாவது பாதி ராம். ராமைப் போல இரு மடங்குக்கு மேல் வைப்பதில் பயனில்லை என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. ஸ்வாப்பினஸ், அதாவது பேஜ்களை ஸ்வாப்புக்குத் தள்ள கர்னல் எவ்வளவு முனைய வேண்டும் என்ற எண், இயல்பாக 60. அது டிஸ்க் மெதுவானது என்ற அனுமானத்தில் வைத்த எண். கர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்றலாம் என்பதால் இசட்ராமுக்கு 180 நல்ல தொடக்கம். பேஜ்-கிளஸ்டர் இயல்பாக 3. ஒரு பேஜைக் கேட்டால் எட்டு பேஜைச் சேர்த்து எடுக்கும் பழக்கம் அது. ஹார்ட் டிஸ்குக்காக வந்தது; இசட்ராமில் கேட்காத ஏழு பேஜை விரிப்பது வெட்டிச் செலவு. 0 ஆக்கிவிடுங்கள்.

அல்காரிதத்தை ஓடும்போது மாற்ற முடியாது. ஸ்வாப்ஆஃப் செய்து, டிவைஸை ரீசெட் செய்து, அல்காரிதம் கொடுத்து, அதன் பிறகே அளவைக் கொடுக்க வேண்டும். ஸ்வாப்ஆஃப் என்றால் உள்ளே இருக்கும் அத்தனை பேஜும் விரிந்து ராமுக்குத் திரும்பும். இடமில்லையென்றால் கட்டளை தோற்கும், அல்லது மெமரி தீர்ந்தால் புரோகிராம்களை மூடும் ஓஓஎம் கில்லர் எதையாவது கொல்லும். ஆகவே இந்த வேலையை ரீபூட் செய்தவுடன் பார்ப்பது உத்தமம்.

இசட்ராம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இசட்ராம்சிடிஎல் கட்டளை போதும். 'டேட்டா' என்ற பத்தி சுருக்குவதற்கு முன், 'காம்ப்ர்' சுருக்கிய பின், 'டோட்டல்' உண்மையில் பிடித்திருக்கும் ராம். டேட்டாவை டோட்டலால் வகுத்துப் பாருங்கள், காம்ப்ரால் அல்ல. காம்ப்ரால் வகுத்தால் அலகேட்டரின் (ராமில் இடம் பிரித்துக் கொடுக்கும் பகுதி) வீண்செலவு கணக்கில் வராது, எண் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். விகிதம் 2-க்குக் கீழே இருந்தால் இசட்ராம் டிவைஸின் எம்எம்-ஸ்டாட் கோப்பில் எட்டாவது எண்ணைப் பாருங்கள். அது சுருங்காத பேஜ்களின் எண்ணிக்கை. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படம், வீடியோ, என்கிரிப்ட் செய்த தரவு எல்லாம் அங்கே முழு 4 கேபியாகவே கிடக்கும். ராமிலிருந்து ராமுக்கே இடம் மாற்றியதுதான் மிச்சம்.

இனி இசட்ஸ்வாப். இது டிஸ்க் அல்ல. டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் கேஷ். எஸ்எஸ்டிக்குப் போகவிருந்த பேஜை வழியிலேயே பிடித்து, சுருக்கி, ராமில் ஒரு பூலில் வைக்கிறது. பூல் நிறைந்தால் மிகப் பழைய பேஜை எடுத்து விரித்து எஸ்எஸ்டியில் எழுதும். புதியது மேலே, பழையது கீழே, அதுவும் தானாக. மேக்கிலும் விண்டோஸ் 10-லும் முதலில் ராமில் சுருக்கி, அழுத்தம் கூடினால் டிஸ்குக்குத் தள்ளும் இதே ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. லினக்ஸில் மட்டும் இதைக் கையால் இயக்க வேண்டியிருக்கிறது. ஆர்ச் என்ற லினக்ஸ் வகை விதிவிலக்கு, அதன் கர்னலில் ஏற்கெனவே ஆன்.

இயக்க, கர்னலைத் துவக்கி வைக்கும் கிரப்பில் கர்னல் வரியின் கடைசியில் இசட்ஸ்வாப்.எனேபிள்டு=1 சேர்த்தால் போதும். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிப் பயன்தான்.

பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. இசட்ஸ்வாப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு பேஜுக்கும் டிஸ்க் ஸ்வாப்பில் ஓர் இடம் முன்பதிவாகிறது, பேஜ் டிஸ்குக்குப் போகவே போகாவிட்டாலும். எனவே 2 ஜிபி ஸ்வாப் கோப்பு இருந்தால், சுருக்காத கணக்கில் 2 ஜிபிக்கு மேல் இசட்ஸ்வாப் எதையும் பிடிக்க முடியாது. 8 ஜிபி மெஷினில் பூலின் இயல்பு வரம்பு 20 சதவீதம், அதாவது 1.6 ஜிபி. மூன்றுக்கு ஒன்று சுருங்கினால் அதில் 4.8 ஜிபி தரவு அடங்கும். ஸ்வாப் 2 ஜிபி மட்டும் என்றால் பூலில் பாதிகூட நிறையாது. "இசட்ஸ்வாப் போட்டும் வித்தியாசமே இல்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் ஸ்வாப் கோப்பின் அளவைப் பார்க்கட்டும். 8 ஜிபி ராமுக்கு 8 ஜிபி ஸ்வாப் வையுங்கள். ஹைபர்னேட் செய்யவும் (ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்க) அது உதவும். இசட்ராமில் ஹைபர்னேட் செய்ய வழியே இல்லை. கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் சாதாரண முறையில் உருவாக்கிய கோப்பை ஸ்வாப்ஆன் ஏற்காது. காப்பி-ஆன்-ரைட் (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) அணைத்திருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கருவிகள் 6.1 முதல் இதற்கென்றே எம்கேஸ்வாப்ஃபைல் துணைக்கட்டளை தருகின்றன.

அடுத்த தடுக்கல் பூட் நேரத்தில். கர்னல் வரியில் எல்இசட்4 என்று கேட்டிருப்பீர்கள், ஆனால் இசட்ஸ்வாப் மிக ஆரம்பத்திலேயே எழுந்துவிடும். அந்த நேரத்தில் எல்இசட்4 மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இல்லையென்றால், டிமெஸ்ஜி காட்டும் கர்னல் பதிவில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, கர்னலில் இயல்பாக வைத்த எல்இசட்ஓ போன்ற அல்காரிதத்துக்குத் திரும்பிவிடும். இனிட்ராம்எஃப்எஸ் மாட்யூல் பட்டியலில் பெயரைச் சேர்த்து மறுபடி உருவாக்குங்கள். பூட் ஆன பிறகு இசட்ஸ்வாப்பின் பாராமீட்டர்ஸ் கோப்பகத்தில் கம்ப்ரெஸர் கோப்பைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எதைத் தேர்வது? என்விஎம்இ இருந்தால் எல்இசட்4. மெதுவான சாட்டா எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் என்றால் இசட்எஸ்டிடி. டிஸ்க் மெதுவாக ஆக ஆக, கூடுதலாகச் சுருக்கச் செலவிடும் சிபியு நேரம் ஈடாகிவிடும்.

பழைய கர்னலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே பூலை இயல்பாக நிர்வகிப்பது இசட்பட் என்ற அலகேட்டர். அது ஒரு பேஜில் அதிகபட்சம் இரண்டு சுருக்கிய பேஜ்களையே வைக்கும். இசட்எஸ்டிடி எவ்வளவு சுருக்கினாலும் விகிதம் 2-ஐத் தாண்டாது. இசட்எஸ்மாலக் என்ற இன்னொரு அலகேட்டர் அதைவிட நெருக்கி அடுக்கும். ஆனால் 2023-க்கு முந்தைய கர்னல்களில் இசட்எஸ்மாலக்கால் பழைய பேஜை வெளியேற்ற முடியாது. பூல் நிறைந்ததும் புதிய பேஜ்கள் நேரே டிஸ்குக்குப் போகும். அதாவது இசட்ராமின் அதே நோய். அதனால் இசட்ஸ்வாப்பை 6.8 அல்லது அதற்குப் புதிய கர்னலில் ஓட்டுவதையே பரிந்துரைக்கிறோம். 6.8-ல் ஷ்ரிங்கர் வந்தது. பூல் நிறையும்வரை காத்திராமல், மெமரி அழுத்தம் வரும்போதே குளிர்ந்த பேஜ்களை டிஸ்குக்கு இறக்கும். இயல்பாக அணைந்திருக்கும், ஷ்ரிங்கர்_எனேபிள்டு கோப்பில் ஒய் என்று எழுத வேண்டும். ஷ்ரிங்கர் ஆன் என்றால் பூல் வரம்பை 20-லிருந்து 30 ஆக்கலாம், பயமில்லை. ஷ்ரிங்கர் இல்லாமல் ஏற்றினால் பழைய பேஜ்களே ராமை அடைத்துக்கொள்ளும்.

அளவிட மெம்இன்ஃபோ கோப்பில் இரண்டு வரிகள்: 'இசட்ஸ்வாப்' என்பது பிடித்திருக்கும் ராம், 'இசட்ஸ்வாப்டு' என்பது அதனுள் இருக்கும் தரவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விகிதம். ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் 3 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். அதில் பெரும்பகுதி ராமில்தான் இருக்கலாம். டிஸ்க் உண்மையில் அடிபடுகிறதா என்று அறிய விஎம்ஸ்டாட் கோப்பில் பிஎஸ்டபிள்யூபிஇன் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். இசட்ஸ்வாப்பில் இது டிஸ்க் வாசிப்பை மட்டும் எண்ணும். இசட்ராமில் அதே எண் இசட்ராம் வாசிப்பையும் சேர்த்து எண்ணும் என்பதால் இரண்டையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் பிரஷர் கோப்பகத்தில் மெமரி கோப்பு, அதில் 'ஃபுல்' வரியின் ஏவிஜி10. கடந்த பத்து வினாடியில் எல்லா வேலையும் மெமரிக்காக நின்றுபோன நேரத்தின் சதவீதம் அது.

ஆர்ச்சில் இசட்ராம் போடுபவர்கள் இசட்ஸ்வாப்பை அணைக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது பேஜ் முதலில் இசட்ஸ்வாப் பூலில் சுருங்கும், வெளியேறும்போது விரிந்து, மறுபடி இசட்ராமுக்குள் சுருங்கும். சிபியு இரண்டு முறை உழைக்கும், பேஜ் ராமை விட்டு வெளியே போயிருக்காது. இசட்ராம்சிடிஎல் காட்டும் எண்களும் நம்பத்தக்கவையாக இருக்காது.

இசட்ராம் எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை, இஎம்எம்சி சேமிப்பு உள்ள மலிவு லேப்டாப், ஸ்வாப் பார்ட்டிஷனுக்கு இடமே இல்லாத 32 ஜிபி டிஸ்க். இவற்றில் டிஸ்க் ஸ்வாப் மெதுவும் கூட, கார்டின் ஆயுளுக்கும் கேடு. ஒரே ஒரு எச்சரிக்கை: மெமரி நெருக்கடியைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி ஓடும் கணினிகளில், மெமரி, ஸ்வாப் இரண்டும் 90 சதவீதத்தைத் தாண்டினால் எதையாவது கொல்வது இயல்பு. இசட்ராமை 1 ஜிபி என்று சிறியதாக வைத்தால் ஸ்வாப் சீக்கிரம் அந்தக் கோட்டைத் தொடும், எச்சரிக்கையே இல்லாமல் பிரவுசர் மறையும். ராம் அளவுக்கே வையுங்கள். காலியாக இருக்கும்போது டிஸ்க் அளவில் 0.1 சதவீதம்தான் அது தின்னும்.

எதைத் தேர்ந்தாலும், கர்னல் 6.1 அல்லது அதற்குப் பின் என்றால், மல்டி-ஜென் எல்ஆர்யு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பேஜ் குளிர்ந்தது என்று பொறுக்குவது அதுதான். பொறுக்குவது தப்பினால் அடுக்கு எத்தனை இருந்தும் பயனில்லை. அதோடு மின்_டிடிஎல்_எம்எஸ் கோப்பில் 1000 என்று எழுதினால், கடைசி ஒரு வினாடிக்குள் தொட்ட பேஜ்களை வெளியேற்ற விடாது. அவற்றைக் காக்க முடியாத நிலை வந்தால் மெஷினை உறைய விடாமல் ஓஓஎம் கில்லரை அழைக்கும். இவ்வளவும் செய்த பிறகும், சாதாரண வேலையின்போதே ஏவிஜி10 எண் தொடர்ந்து இரட்டை இலக்கத்தில் நின்றால், கண் முன்னால் இருக்கும் பேஜ்களே 8 ஜிபிக்குள் அடங்கவில்லை என்று பொருள். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று டிஎம்ஐடிகோடு கட்டளையில் பார்த்துவிட்டு இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்குங்கள்.